காட்டை வாங்கி நகரம் கட்டிய தமிழ் இன்ஜினியர்: யார் இந்த மகா சின்னத்தம்பி? வாலாஜாபாத்தில் மனை வாங்குறவங்க இவரைப் பத்தி ஏன் தெரிஞ்சுக்கணும்?

கூகுள் மேப்பைத் திறந்து '37 சின்னத்தம்பி புலவார்ட்' என்று தேடிப் பாருங்க. யாழ்ப்பாணத்துத் தெரு எதையாவது காட்டும் என்று நினைப்பீங்க. ஆனால் அது காட்டுவது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இருக்கிற ஒரு பல்கலைக்கழக வளாகத்தை. ஊர் பெயர் ஸ்பிரிங்ஃபீல்ட். பிரிஸ்பேன் நகர மையத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். 1990களின் தொடக்கத்தில் அங்கே சின்னத்தம்பி சாலையும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை. யூக்கலிப்டஸ் காடுதான் இருந்தது.

இன்றைக்கு அங்கே 40 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் குடியிருக்கிறார்கள். ரயில் ஸ்டேஷன் மட்டும் இரண்டு. மருத்துவமனை, ஷாப்பிங் மால், பள்ளிக்கூடங்கள், பூங்கா என எல்லாமே இருக்கு. இந்த ஊரை அரசாங்கம் திட்டம் போட்டு உருவாக்கவில்லை. மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய மகா சின்னத்தம்பி என்ற தமிழ் சிவில் இன்ஜினியரும் அவருடைய பார்ட்னர் பாப் ஷார்ப்லெஸும் சேர்ந்து தொடங்கியது.

'தமிழன்டா' என்று ஷேர் பண்ணிட்டு நகர்ந்துவிட வேண்டிய கதை இல்லை இது. மாத சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஒரு இன்ஜினியர் வீடு கட்டி விற்கும் தொழிலுக்குள் எப்படி நுழைகிறார், எங்கே மாட்டிக்கொள்கிறார், ஒரு ஊர் உண்மையிலேயே ஊராக மாற என்னென்ன தேவை என்பதெல்லாம் இதில் தெளிவாகத் தெரியும். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்க, ரெண்டு பக்கமும் கொடி நட்ட மனைகள். அதில் ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், சிவில் படித்துவிட்டு 'நாமே புரொமோட்டர் ஆனா என்ன' என்று யோசிக்கும் பசங்களுக்கும் இந்தக் கதை உதவும்.

யார் இவர்?

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஏராளமான தமிழர்கள் மலாயாவுக்குப் போனார்கள். ரயில்வே, அரசு அலுவலகங்கள், ரப்பர் தோட்ட நிர்வாகம் என ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை இருந்தது. அப்படி இலங்கையிலிருந்து போன ஒரு குடும்பத்தில்தான் மகா சின்னத்தம்பி பிறந்தார். ஊர், நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த ரந்தாவ்.

1960களில் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் படித்தார். படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பி இன்ஜினியராக வேலை பார்த்தார். 1971ல் மறுபடியும் ஆஸ்திரேலியா போனார், இந்த முறை குடியேறுவதற்காக. போய் இறங்கிய ஊர் மேற்குக் கரையில் இருக்கும் பெர்த்.

அந்த வருஷத்தைக் கொஞ்சம் கவனிக்கணும். வெள்ளையர் அல்லாதவர்களை உள்ளே விடாமல் வைத்திருந்த 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கை 1966ல் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டிருந்தது. அதற்கு முழுமையாக முடிவு கட்டப்பட்டது 1973ல்தான். கதவு பாதிதான் திறந்திருந்தது, அந்த நேரத்தில் உள்ளே போனவர் இவர். அங்கே சொந்த நிலம் இல்லை. நிலம் வைத்திருக்கும் மாமனோ மச்சானோ இல்லை. பேங்க் மேனேஜரைத் தெரிந்த ஆளும் கிடையாது.

பெர்த்தில் சின்னச் சின்ன வீடுகளைக் கட்டி விற்பதில் தொடங்கினார். 'டூப்ளக்ஸ்' என்று சொல்வாங்களே, ஒரு மனையில் ஒட்டினாற்போல ரெண்டு வீடு. ஒரு வீட்டை விற்ற காசில் அடுத்த மனை வாங்கினார். நம்மூர் பில்டர்களும் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க. கொஞ்சம் வளர்ந்தார், பெரிதாகக் கடன் வாங்கினார், மார்க்கெட் திரும்பியதும் விழுந்தார். ஒருமுறை இல்லை, ஒருமுறைக்கு மேல். கையில் இருந்ததெல்லாம் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை வந்தது. 1980களில் பெர்த்தை விட்டு கிழக்குப் பக்கம் பிரிஸ்பேனுக்கு வந்தார்.

கான்ட்ராக்டரும் புரொமோட்டரும் ஒண்ணா?

இல்லவே இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் இறங்கித்தான் பல இன்ஜினியர்கள் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

நிலம் உங்களுடையது, கான்ட்ராக்டர் கட்டித் தருகிறார் என்று வையுங்க. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, பேஸ்மென்ட் முடிந்ததும் ஒரு தவணை, லிண்டல் வந்ததும் ஒரு தவணை, கூரை போட்டதும் ஒரு தவணை என்று வாங்கிக்கொள்வார். கம்பி விலை ஏறினால் லாபம் குறையும். அதைத் தாண்டி அவருக்குப் பெரிய ஆபத்து இல்லை. வீடு விற்குமா விற்காதா என்பது அவர் கவலையே கிடையாது.

புரொமோட்டர் தன் பணத்தையோ கடன் பணத்தையோ போட்டு முதலில் நிலத்தை வாங்குகிறார். பிறகு அனுமதி வாங்க வேண்டும், கட்ட வேண்டும், விற்க வேண்டும். முதல் ரூபாய் வெளியே போவதற்கும் கடைசி ரூபாய் உள்ளே வருவதற்கும் நடுவில் வருஷங்கள் ஓடும். அத்தனை நாளும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு உதாரணக் கணக்கு போடலாம். 1 கோடி ரூபாய் கடன், ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. நடுவில் எதையும் கட்டாமல் வட்டிக்கு வட்டி சேர்ந்தால் சுமார் 6 வருஷத்தில் கடன் 2 கோடி ஆகிவிடும். அந்த 6 வருஷத்தில் நிலத்தின் விலை இரண்டு மடங்கு ஏறியிருந்தாலும், வட்டியைக் கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது பூஜ்யம்.

நம்மூரில் இந்த ஏணியில் நடுவே ஒரு படி இருக்கு. அதன் பெயர் 'ஜாயின்ட் வென்ச்சர்'. பழைய தனி வீட்டை வைத்திருக்கும் பெரியவர் நிலத்தைக் கொடுப்பார், இன்ஜினியர் தன் செலவில் அதில் நாலோ ஆறோ ஃபிளாட் கட்டுவார். கட்டியதை ஒப்பந்தப்படி ரெண்டு பேரும் பாதிப் பாதியாகவோ அறுபதுக்கு நாற்பதாகவோ பிரித்துக்கொள்வார்கள். நிலம் வாங்கப் பணம் தேவையில்லை என்பதால், சென்னையில் சம்பளக்கார இன்ஜினியர்கள் நிறைய பேர் பில்டர் ஆனது இந்த வழியில்தான்.

இங்கே வாங்குறவங்க கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2016ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் போகவில்லை என்றாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் இல்லை என்றாலோ, அந்தத் திட்டத்தைப் பதிவு செய்யத் தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது ரெண்டே கால் கிரவுண்டுக்குச் சற்று குறைவு. அதாவது புதுசாகத் தொழிலுக்கு வரும் பில்டரின் முதல் ரெண்டு மூணு திட்டங்கள் பெரும்பாலும் இந்த ஆணையத்தின் கண்ணில் படாமலே முடிந்துவிடும். அனுபவம் இல்லாதவரிடம் வாங்குகிறவருக்குப் பாதுகாப்பும் குறைவு. எனக்கு இந்த விதிவிலக்கு தலைகீழாக இருப்பதாகவே தோணுது.

7,000 ஏக்கர் காட்டை ஏன் வாங்கினார்?

1990களின் தொடக்கத்தில் இப்ஸ்விச் பக்கத்தில் 2,860 ஹெக்டேர் நிலம் விற்பனைக்கு வந்தது. நம் கணக்கில் ஏறத்தாழ 7,000 ஏக்கர். ஒரு ஒப்பீட்டுக்குச் சொல்லணும்னா, செங்கல்பட்டு பக்கத்தில் இருக்கிற மகிந்திரா வேர்ல்ட் சிட்டி சுமார் 1,500 ஏக்கர். அதைப் போல நாலு மடங்குக்கும் அதிகம். சின்னத்தம்பியும் ஷார்ப்லெஸும் கொடுத்த விலை 80 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் கீழே. ஏக்கருக்கு 1,200 டாலர்கூட வராது.

ஏன் அவ்வளவு மலிவு? அங்கே எதுவுமே இல்லை. ரோடு, தண்ணீர், சாக்கடை, ரயில் எதுவும் கிடையாது. உள்ளூர்க்காரர்கள் பார்வையில் அது காடு. இப்ஸ்விச் பழைய நிலக்கரிச் சுரங்க ஊர். பிரிஸ்பேன்காரர்கள் வீடு வாங்க அந்தத் திசைப் பக்கம் திரும்பவே மாட்டார்கள் என்பது பொதுவான நம்பிக்கை. வெளியிலிருந்து வந்த இந்த ஆளுக்கு அப்படி எந்த நினைப்பும் இல்லை. பிரிஸ்பேனிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்தார். நகரம் எந்தப் பக்கம் வளர இடம் இருக்கிறது என்று பார்த்தார். மொத்த நிலமும் ஒரே கைக்கு வருகிறது என்பதையும் பார்த்தார்.

கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப முக்கியம். ஆயிரம் பேரிடம் ஆயிரம் துண்டுகளாக இருக்கும் நிலத்தில் ஒரு நகரத்தைத் திட்டமிடுவது ரொம்பக் கஷ்டம். எல்லாம் ஒரே கையில் இருந்தால் மருத்துவமனைக்கு இந்த இடம், ரயில் பாதைக்கு அந்த இடம், பூங்காவுக்கு இது என்று முதல் நாளே ஒதுக்கிவிடலாம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாகணும். 'காலி நிலம்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஜாகெரா, யுகெரா, உகாரப்புல் பழங்குடி மக்களின் பூர்வீக மண் அது. நகரம் வந்ததில் காட்டின் பெரும்பகுதி போனது. வெற்றிக் கதைகளில் இந்த வரி பெரும்பாலும் வராது.

நிலத்தை வாங்கினதும் விற்க ஆரம்பிச்சாரா?

அப்படி முடியாது. காடாக இருக்கும் நிலத்தை வீட்டு மனையாக மாற்ற உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். முதலில் மோர்ட்டன் ஷயர் என்ற உள்ளாட்சியின் கீழ் அந்த நிலம் இருந்தது. 1995ல் அந்த உள்ளாட்சியே இப்ஸ்விச் நகராட்சியுடன் இணைக்கப்பட்டது. முப்பது வருஷம் ஓடப் போகிற ஒரு திட்டத்துக்கு இது பெரிய தலைவலி. இன்றைக்கு ஒரு கவுன்சில் சரி என்று சொல்லும், நாளைக்கு வேறு கவுன்சில் வந்து மாற்றும். அப்படியிருந்தால் எந்த வங்கி கடன் கொடுக்கும்?

இதற்கு அவர்கள் தேடிய வழி, தனிச் சட்டம். 1997ல் குயின்ஸ்லாந்து நாடாளுமன்றம் ஸ்பிரிங்ஃபீல்டுக்காகவே ஒரு மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் கடைத்தெரு, எந்த இடத்தில் வேலைவாய்ப்பு மையம் என்கிற ஒட்டுமொத்த வரைபடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. கவுன்சில் மாறினாலும் வரைபடம் நிற்கும். பதிலுக்கு ரோடு, பூங்கா மாதிரியான கட்டமைப்புகளுக்கு டெவலப்பரும் பங்கு கொடுக்க வேண்டும்.

செங்கல், சிமென்ட்டில் ஆரம்பித்த ஒரு இன்ஜினியரின் வாழ்க்கை இங்கே மொத்தமாகத் திசை மாறுகிறது. இந்தக் கட்டத்தில் அவருக்கு உதவியது கான்கிரீட் அறிவு கிடையாது. அமைச்சர்களிடமும் அதிகாரிகளிடமும் வங்கிகளிடமும் வருஷக்கணக்கில் போய்ப் பேசுகிற பொறுமைதான். நிலம் வாங்கி சட்டம் வருவதற்கே 5 வருஷம் ஆகியிருக்கு. மேலே போட்ட 6 வருஷ வட்டிக் கணக்கை நினைச்சுப் பாருங்க.

எல்லாவற்றையும் தானே கட்ட வேண்டும் என்றும் அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. குடியிருப்புகள் கட்டுவதில் பெரிய கம்பெனியான டெல்ஃபினை அழைத்து வந்தார். ஸ்பிரிங்ஃபீல்ட் லேக்ஸ் என்ற பெரிய பகுதி அப்படித்தான் உருவானது. லாபத்தில் பங்கு போனாலும் கடன் சுமை இறங்கியது. பெரிய கம்பெனி வந்துவிட்டது என்றதும் வாங்குபவர்களுக்கும் தைரியம் வந்தது.

ரயில் வர எத்தனை வருஷம் ஆச்சு?

வரிசையைப் பாருங்க. 2000களின் நடுப்பகுதியில் சதர்ன் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் வளாகம் வந்தது. 2007ல் ஓரியன் என்ற ஷாப்பிங் மால் திறந்தது. பிரிஸ்பேனிலிருந்து வரும் சென்டினரி நெடுஞ்சாலை, 2009ல் ஸ்பிரிங்ஃபீல்டையும் தாண்டி நீட்டிக்கப்பட்டது. 2013 டிசம்பரில் ரயில் பாதை திறக்கப்பட்டது. 2015ல் மேட்டர் தனியார் மருத்துவமனை வந்தது.

நிலம் வாங்கியதிலிருந்து ரயில் வரும்வரை சுமார் 20 வருஷம். நடுவில் குடியேறிய குடும்பங்கள் அத்தனை நாள் காரில்தான் வேலைக்குப் போய் வந்தார்கள். ஆனால் ரயில் என்றைக்கு வந்தாலும் அது ஓட வேண்டிய இடம் வரைபடத்தில் ஒதுக்கப்பட்டே இருந்தது. யாருடைய வீட்டையும் நகரத்துக்கு நடுவில் இடிக்க வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்வது என்றால் இதுதான். ரயில் பாதையைப் போட்டது மாநில அரசு. 'தனி ஆள் கட்டிய நகரம்' என்று சொல்லும்போது, மக்களின் வரிப்பணமும் அதில் சேர்ந்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

பல்கலைக்கழகத்தையும் மருத்துவமனையையும் கொண்டுவர அவர் ஏன் அவ்வளவு மெனக்கெட்டார்? கல்விச் சேவை என்ற எண்ணம் இருந்திருக்கலாம். வியாபாரக் கணக்கும் கண்டிப்பாக உண்டு. ஒரு பல்கலைக்கழகம் வந்தால் ஆசிரியர்கள் வருவார்கள், மாணவர்கள் வருவார்கள், வாடகை வீடு தேவைப்படும், டீக்கடை ஓடும், மிச்சம் இருக்கும் ஆயிரக்கணக்கான ஏக்கரின் விலை ஏறும். மனையை விற்றுவிட்டுப் போகிறவருக்கு இந்தக் கணக்கு தேவைப்படாது. 30 வருஷம் அங்கேயே நிலம் வைத்திருக்கப் போகிறவருக்குத்தான் தேவைப்படும்.

இப்போது நிறுவனத்தின் நிர்வாகப் பொறுப்பு மகள் ரெய்னுஹா சின்னத்தம்பியிடம் வந்திருக்கு. சின்னத்தம்பியின் பயணம் பற்றி கேரன் மெக்ரீடி எழுதிய புத்தகம் 2012ல் வெளியானது.

இவர் ஒருத்தர்தானா?

சிட்னியில் இன்னொருவர் இருக்கிறார், ஹாரி ட்ரிகுபாஃப். ரஷ்ய யூதக் குடும்பம், 1933ல் சீனாவில் பிறந்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளி இன்ஜினியரிங் படித்தார். 1960ல் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பி வந்து டாக்ஸி ஓட்டினார், பால் வியாபாரம் பார்த்தார். தனக்கு ஒரு வீடு கட்ட பில்டரிடம் கொடுத்தார், வேலை இழுத்துக்கொண்டே போனது. கடுப்பாகி மிச்ச வேலையைத் தானே முடித்தார். அதில் தொழிலைக் கற்றுக்கொண்டு 1963ல் எட்டு வீடுகள் கொண்ட ஒரு சின்ன அடுக்குமாடி கட்டினார். அடுத்தது மெரிட்டன் தெருவில் 18 வீடுகள். அந்தத் தெருவின் பெயரே கம்பெனி பெயரானது. மெரிட்டன் இதுவரை கட்டியது 75,000 அடுக்குமாடி வீடுகளுக்கும் மேல்.

இந்தியாவில் குருகிராமை எடுத்துக்கொள்ளலாம். டி.எல்.எஃப் நிறுவனத்தின் கே.பி.சிங் இங்கிலாந்தில் விமான இன்ஜினியரிங் படித்தவர். குடியேறியவர் இல்லைதான், ஆனால் பாடம் இருக்கு. ஹரியானா அரசு 1975ல் கொண்டுவந்த சட்டம் தனியார் நகரியங்களுக்கு லைசென்ஸ் கொடுக்க வழி திறந்தது. விவசாயிகளிடம் துண்டு துண்டாக நிலம் வாங்கி நகரம் எழுப்பினார். கண்ணாடி மாளிகைகள் வந்துவிட்டன. ஒவ்வொரு வேலியும் ஒவ்வொரு கம்பெனியுடையது, ஊருக்கு மொத்தமாக வடிகால் யார் போடுவது என்ற கேள்வி நின்றது. ஒவ்வொரு மழைக்கும் குருகிராம் சாலைகள் மிதக்கும் வீடியோ நம்ம சேனலிலும் வருது, பார்த்திருப்பீங்க.

சரி, வாலாஜாபாத்துக்கு வருவோம்

என் சொந்த ஊர் இதுதான். அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுறேன்.

ஸ்பிரிங்ஃபீல்டு 20 வருஷம் காத்திருந்து வாங்கிய ரயில் எங்க ஊருக்கு பிரிட்டிஷ் காலத்திலேயே வந்துவிட்டது. செங்கல்பட்டு - அரக்கோணம் பாதையில் வாலாஜாபாத் ஸ்டேஷன் இருக்கு. சென்னையிலிருந்து காஞ்சிபுரம், திருமால்பூர் போகும் ரயில்கள் நிற்கும். வேலையும் வந்துவிட்டது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010ல் திறந்தது, சுற்றிலும் எத்தனையோ தொழிற்சாலைகள். பரந்தூர் விமான நிலையத்துக்கான அறிவிப்பு 2022ல் வந்தது. ஏகனாபுரம் மக்கள் எதிர்த்துப் போராடிக்கொண்டே இருக்காங்க. அதே 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி அரசாணை வந்தது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மீஞ்சூர், திருமழிசை, மாமல்லபுரம், திருவள்ளூர் ஆகிய ஆறு இடங்களில் புதுநகர்த் திட்டம் தயாரிக்கும் வேலையைச் சி.எம்.டி.ஏ. எடுத்திருக்கு.

ரயில் இருக்கு, வேலை இருக்கு. ஒட்டுமொத்த வரைபடம் வருவதற்குள் மனைகள் முந்திக்கொண்டுவிட்டன. ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்ததற்கு நேர் எதிர்வரிசை.

சின்னத்தம்பி மாதிரி 7,000 ஏக்கரை இங்கே ஒருத்தர் வாங்கிப்போட முடியுமா? முடியாது, முடியவும் கூடாது என்றுதான் தமிழ்நாட்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் சொல்கிறது. சாதாரணமாக ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு உச்சவரம்பு 15 ஸ்டாண்டர்ட் ஏக்கர். அதற்கு மேல் தொழிலுக்காக நிலம் வேண்டுமென்றால் அரசின் தனி அனுமதி தேவை. அதோடு எங்க மாவட்டம் ஏரி மாவட்டம். தென்னேரியில் தொடங்கி ஊருக்கு ஒரு ஏரி, ஏரிக்கு ஏரி வாய்க்கால். மேட்டில் இருக்கும் ஏரி நிரம்பினால் கீழே உள்ள ஏரிக்குத் தண்ணீர் போகும். நடுவில் இருக்கும் வயல் மனையானால் வாய்க்கால் முதலில் சுருங்கும், அப்புறம் காணாமல் போகும். மார்ச் மாதம் மனை பார்க்கப் போனால் இது தெரியாது. நவம்பரில் போங்க.

என் மாமா போனது ஒரு மே மாதம். 2012ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து அழைத்துப் போனாங்க, சாப்பாட்டுப் பொட்டலம் இலவசம். 'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்' என்றார்கள். மாமா சிங்கப்பூரில் கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருந்து சேர்த்த காசு. ரெண்டு மனை வாங்கினார். 'மாப்ள, ஒண்ணுல வீடு, ஒண்ண வித்து நாமளே கட்டி விக்கிற தொழில் ஆரம்பிக்கலாம்டா' என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அண்ணன் சிவில் டிப்ளமா.

மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. அது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் வேலை. இது எங்க வீட்டில் யாருக்கும் அப்போது தெரியாது. 2016 செப்டம்பர் 9ம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. மாமாவின் ரெண்டாவது மனையை வாங்க வந்தவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். தொழில் கனவு அங்கேயே நின்றது. 2017ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன்பு விற்கப்பட்ட மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம் என்றார்கள். மாமா கட்டினார். மனையை விற்றவர் அதற்குள் போன் நம்பரை மாற்றியிருந்தார்.

மனை வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மேல், சட்டம் உங்கள் பக்கம் இருக்கு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. நோட்டீஸிலும் பேனரிலும் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்க. எண் இருக்கு, ஆனால் வேறு கிராமத்தின் பெயர் வருது என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்க.

பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் போடாமல் மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணமாக வாங்கக் கூடாது. உங்களிடம் வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கான தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். இந்தத் திட்டத்தின் பணத்தை எடுத்து அடுத்த ஊரில் நிலம் வாங்கும் பழைய பழக்கத்துக்குப் போட்ட பூட்டு அது. ஃபிளாட் என்றால், கட்டுமானத்தில் குறை தெரிந்தால் ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷம்வரை பில்டர்தான் செலவில்லாமல் சரி செய்து கொடுக்க வேண்டும்.

வில்லங்கச் சான்றும் பட்டாவும் எல்லோரும் பார்ப்பாங்க. அதோடு நில அளவை வரைபடத்தையும் கேளுங்க. வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்பது அதில் கோடாகத் தெரியும். பெரிய மனைப்பிரிவு என்றால் அதாவது 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், 10 சதவீத இடத்தைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். 'இதுதான் சார் பார்க்' என்று கையைக் காட்டினால் போதாது, அந்தத் தானப் பத்திரத்தின் நகலைக் கேளுங்க. ரோடுகளுக்கும் அப்படியே.

தொழிலில் இறங்க நினைக்கும் சிவில் பசங்க கேட்க வேண்டிய கேள்வி வேறு. எத்தனை மாதம் ஒரு வீடும் விற்காமல் உங்களால் வட்டி கட்ட முடியும்? சின்னத்தம்பி பெர்த்தில் ஒருமுறைக்கு மேல் விழுந்தது இந்தக் கேள்வியில்தான், இன்ஜினியரிங்கில் இல்லை.

மாமாவின் மனைக்கு இப்போது பத்திரம் சுத்தமாக இருக்கு. ஈபி கம்பம் போன வருஷம் வந்தது. தெருவில் மொத்தம் நாலு வீடு. அண்ணன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சைட் இன்ஜினியராக இருக்கான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவும் அவனும் அந்த ரெண்டாவது மனையில் நின்று டேப் பிடித்து அளந்துகொண்டிருக்கிறார்கள்.